உதட்டுக் கொப்புளத்துக்கு எந்தக் களிம்பு? சீட்டில்லாமல் வாங்கக்கூடியதும் மருத்துவரின் சீட்டோடு வாங்க வேண்டியதும்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. காய்ச்சல் விட்ட இரண்டாம் நாளிலோ, வெயிலில் அலைந்து திரும்பிய மறுநாளிலோ, உதட்டோரத்தைக் கைக்குட்டையால் மறைத்தபடி வந்து, "இதுக்கு ஏதாவது ஆயின்மெண்ட் கொடுங்க" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது விளக்கிச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. முதன்முறையாக இந்தக் கொப்புளத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பவர் என்ன செய்ய வேண்டும், எந்தக் களிம்பைத் தாமே வாங்கலாம், எதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும் என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது அந்தக் கொப்புளம்தானா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. சிலர் சூட்டுக் கொப்புளம் என்பார்கள், சிலர் காய்ச்சல் கொப்புளம் என்பார்கள், இரவில் ஏதோ பூச்சி ஊர்ந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு, வயதானவர்கள் அக்கி என்றே முடித்துவிடுவார்கள். உண்மையில் இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ். பெரும்பாலும் அதன் முதல் வகை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இந்த வைரஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பலருக்குச் சிறுவயதிலேயே, வீட்டுப் பெரியவர்களின் முத்தத்தின் வழியாகவே இது வந்துவிடுகிறது. வந்த வைரஸ் வெளியேறுவதில்லை. முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பின் முடிச்சில் போய் உறங்கிக்கொள்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மாதவிடாய், பல் பிடுங்கியபோது உதட்டில் பட்ட காயம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதை எழுப்பும்போது, அதே நரம்பின் வழியாக உதட்டுக்கு இறங்கி வருகிறது. ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே இடத்தில் கொப்புளம் வருவது இதனால்தான். ஆகவே இது வந்ததற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடையாளம் காண்பது கடினமல்ல. கொப்புளம் தோன்றுவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பாகவே அந்த இடம் குறுகுறுக்கும், எரியும், இழுப்பது போலிருக்கும். பிறகு உதட்டின் விளிம்பில் சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். அவை உடைந்து புண்ணாகி, பொருக்கு கட்டி, ஏழு முதல் பத்து நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில், தழும்பின்றி ஆறிவிடும்.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு புண்கள் உண்டு, அவற்றுக்கு மருந்தும் வேறு. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளையாகக் குழிந்து வருவது சாதாரண வாய்ப்புண். அதற்கு வைரஸ் களிம்பு பயன்படாது. வாயின் இரு ஓரங்களும் வெடித்துப் பிளப்பது வேறு சிக்கல். அதற்குப் பூஞ்சையோ, ஊட்டச்சத்துக் குறைவோ, பொருந்தாத பல்செட்டோ காரணமாக இருக்கலாம். குழந்தையின் மூக்கைச் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் அது பாக்டீரியாவால் வருவது. அக்கி என்று சொல்லப்படுவதிலேயே இன்னொன்றும் அடங்கும்: முகத்திலோ மார்பிலோ ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, கடும் வலியோடு வரும் கொப்புளங்கள். அது சின்னம்மை வைரஸ் மீண்டும் எழுவதால் வருவது. அதற்கு 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவதே நல்லது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்த நம்பிக்கையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதற்காகக் காத்திருந்து மருத்துவரைப் பார்க்கும் அந்த மூன்று நாளை இழந்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

களிம்பைத் தேடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, கண்ணருகே கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதே வைரஸ் கருவிழியில் புண்ணை உண்டாக்கிப் பார்வையைக் கெடுக்கக்கூடியது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உதட்டுக்கு வாங்கிய களிம்பைக் கண்ணில் இடவே கூடாது; அசைக்ளோவிர் என்னும் வைரஸ் தடுப்பு மருந்தின் கண்ணுக்கான களிம்பு 3 சதவீதத்தில் தனியாகவே தயாரிக்கப்படுகிறது.

புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், கருவுற்றவர்கள், கரப்பான் எனப்படும் எக்சிமா உள்ள குழந்தைகள் ஆகியோரும் தாமாகக் களிம்பு வாங்க வேண்டாம். வாய் முழுக்கப் புண்ணாகி, காய்ச்சலோடு, தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும் சிறுகுழந்தைக்கு அது முதல் தொற்றாக இருக்கலாம். நீரிழப்பு ஏற்படுவதற்குள் காட்ட வேண்டும். பத்து நாளாகியும் ஆறத் தொடங்காத புண்ணும், ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வரும் கொப்புளமும் இதே வரிசையில் சேரும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்த்தால் மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். வீட்டருகே உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் முதலில் காட்டலாம்.

கொப்புளம் எந்த நிலையில் இருக்கிறது?

பலர் கவனிக்காத கேள்வி இது, ஆனால் எந்தக் களிம்பு என்பதை விட இதற்கான விடைதான் பலனைத் தீர்மானிக்கிறது. வைரஸ் தோலின் செல்களுக்குள் பெருகுவது குறுகுறுப்புத் தொடங்கிய முதல் ஓரிரு நாளில்தான் மும்முரமாக நடக்கிறது. வைரஸைத் தடுக்கும் களிம்புகள் அந்தப் பெருக்கத்தை மட்டுமே நிறுத்துகின்றன. ஏற்கெனவே உடைந்துபோன தோலை அவை ஒட்டவைப்பதில்லை, நரம்பில் உறங்கும் வைரஸையும் அவை தொடுவதில்லை. குறுகுறுப்பிலேயே தடவியவருக்குப் பலன் அதிகம், கொப்புளம் வந்தபின் தடவியவருக்குக் குறைவு, பொருக்கு கட்டியபின் வாங்குபவருக்கு அநேகமாகப் பணம் வீண்.

பொருக்கோடு வருபவர்களுக்கு நான் வைரஸ் களிம்பு எடுத்துக் கொடுப்பதில்லை. வாசனையில்லாத சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசச் சொல்கிறேன். பொருக்கு காய்ந்து வெடிக்காமலும் ரத்தம் கசியாமலும் அது காக்கும், அந்த நிலையில் அதுவே போதுமான மருந்து.

சீட்டில்லாமல் வாங்கக்கூடியவை

பெட்ரோலியம் ஜெல்லி, வெயிலிலிருந்து காக்கும் எஸ்பிஎஃப் 30 அளவுள்ள உதட்டு பாம், வலிக்குப் பாராசிட்டமால் மாத்திரை ஆகிய மூன்றையும் தயக்கமின்றி வாங்கலாம். லிடோகெயின் சேர்ந்த மரத்துப்போகச் செய்யும் ஜெல் எரிச்சலைச் சற்று நேரம் அடக்கும், புண்ணை ஆற்றாது. சுத்தமான துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடம் ஒற்றியெடுப்பதும் அதே வேலையைச் செலவில்லாமல் செய்யும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் டியூபைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் டோக்கோசனால் என்ற 10 சதவீதக் களிம்பு 2000ஆம் ஆண்டு முதல் சீட்டில்லாமல் விற்கப்படுகிறது. அப்ரீவா என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். வைரஸின் உறை நம் செல்லின் மேல்சவ்வோடு இணைந்து உள்ளே நுழைவதை அது தடுக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை தடவ வேண்டும்; 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. ஆய்வில் அது குணமாகும் காலத்தை ஏறக்குறைய 18 மணி நேரம் குறைத்தது. ஒரு நாள்கூட முழுதாக இல்லை என்று தோன்றும். அந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், இதற்காகவே ஒருவரைப் பெரும் விலை கொடுத்து வாங்கி வரச் சொல்ல வேண்டியதில்லை என்பது விளங்கும். கையில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

அசைக்ளோவிர் 5 சதவீதக் களிம்பு இடத்துக்கு இடம் வேறு விதியின் கீழ் வருகிறது. பிரிட்டனில் உதட்டுக் கொப்புளத்துக்கு அதைச் சீட்டில்லாமல் வாங்கலாம். அமெரிக்காவில் அது சீட்டு மருந்து. நம் நாட்டில், 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில், மருத்துவரின் சீட்டோடு மட்டும் விற்க வேண்டியவற்றுக்கு அட்டவணை ஹெச் என்ற பட்டியல் உண்டு. உங்கள் கையில் உள்ள பெட்டியில் ஆர்எக்ஸ் என்ற குறியும், மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தால் அது சீட்டு மருந்து. பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதனாலேயே ஒரு மருந்து சீட்டில்லா மருந்தாகிவிடாது.

சீட்டோடு வாங்க வேண்டியவை

அசைக்ளோவிர் இந்த மருந்துகளின் மூத்த பிள்ளை. வைரஸ் புகுந்த செல்லுக்குள், வைரஸின் சொந்த நொதியாலேயே அது தூண்டப்பட்டு, வைரஸின் மரபுப்பொருள் படியெடுக்கப்படுவதை நிறுத்துகிறது. வைரஸ் இல்லாத செல்லை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. இப்படி நோயுற்ற செல்லை மட்டும் குறிவைக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டிய ஆய்வுக்காக கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். களிம்பாகத் தடவும்போது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு ஐந்து முறை, நான்கு அல்லது ஐந்து நாள் தடவ வேண்டும். பலன் ஏறக்குறைய அரை நாள் முன்னதாக ஆறுவது. இங்கே ஸோவிராக்ஸ், அசிவிர், ஹெர்பெக்ஸ் என்று பல பெயர்களில் வருகிறது. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ பொதுப்பெயரில் கிடைத்தால் விலை குறைந்ததை வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

பென்சிக்ளோவிர் 1 சதவீதக் களிம்பை விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு முறை, நான்கு நாள் தடவ வேண்டும். பலன் அசைக்ளோவிரின் அளவுக்கு நெருக்கமானதே. மணலியிலோ எண்ணூரிலோ ஆலை வேலைக்குப் போகிறவர் இரண்டு மணிக்கு ஒரு முறை கையைக் கழுவிக் களிம்பு தடவ முடியுமா என்பதை மருத்துவரிடமே சொல்லிவிடுவது நல்லது. தடவ முடியாத களிம்பு எழுதப்பட்டுப் பயனில்லை.

அடிக்கடி வருபவர்களுக்கும், கொப்புளம் பெரிதாக வருபவர்களுக்கும் களிம்பை விட மாத்திரையே சிறந்தது என்பது என் எண்ணம். தோல் மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வாலாசைக்ளோவிர் 2 கிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, ஒரே நாளோடு முடிந்துவிடும் முறை உண்டு. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் இதை யாரும் தாமாக விழுங்கக் கூடாது. ஒரு முறை மருத்துவரைப் பார்த்து, அடுத்த முறை குறுகுறுப்பு வந்தவுடன் எடுத்துக்கொள்ளச் சீட்டை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

இந்த டியூபை மட்டும் தடவாதீர்கள்

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தப் பகுதிதான். காசிமேட்டில் படகு வேலை செய்யும் ஒரு தம்பி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். உதட்டோரத்தில் சிறு கொப்புளம் கிளம்பியபோது, வேறொரு கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு களிம்பைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் சிவப்பும் எரிச்சலும் குறைந்ததால் மகிழ்ந்து தொடர்ந்து தடவியிருக்கிறார். ஐந்தாம் நாள் புண் மேலுதடு முழுதும் பரவி, தாடைவரை இறங்கிவிட்டது. அவர் காட்டிய டியூபில் க்ளோபெட்டசால், நியோமைசின், மிக்கோனசோல் என்று எழுதியிருந்தது. முதலாவது கடுமையான ஸ்டீராய்டு, இரண்டாவது பாக்டீரியாவுக்கு, மூன்றாவது பூஞ்சைக்கு. வைரஸுக்கு எதிராக அதில் ஒரு துளியும் இல்லை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கியதால் சிவப்பு மட்டும் மறைந்தது, வைரஸ் தடையின்றிப் பெருகியது. அவரை ஸ்டான்லிக்கு அனுப்பினேன், மாத்திரையில் ஆறியது.

ஆகவே டியூபை வாங்கும் முன் மருந்துப் பெயர்களை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் எது இருந்தாலும் உதட்டுக் கொப்புளத்துக்கு வேண்டாம். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018இல் அரசு சீட்டு மருந்துகளின் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கமும் இவற்றின் தவறான பயன்பாட்டை எதிர்த்துத் தொடர்ந்து பேசி வருகிறது. அசைக்ளோவிரோடு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் மென்மையான ஸ்டீராய்டைச் சேர்த்த ஒரு களிம்புக்கு அமெரிக்காவில் 2009இல் ஒப்புதல் கிடைத்தது உண்மைதான். வைரஸ் மருந்து உடனிருப்பதால் மட்டுமே அது அங்கே பொருந்துகிறது. தனி ஸ்டீராய்டுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

பற்பசை, சுண்ணாம்பு, தலைவலித் தைலம் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். சுண்ணாம்பு தோலைச் சுட்டுவிடும், தைலமும் பற்பசையும் எரிச்சலைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் வைரஸைக் கொல்லாது. பொருக்கை ஈரமாக வைக்க உதவும் என்பதோடு அதன் வேலை முடிகிறது.

தடவும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உதட்டை மெல்ல ஒற்றித் துடைத்து உலரவிடுங்கள். சுத்தமான பஞ்சுக் குச்சியின் நுனியில் சிறிது களிம்பை எடுத்து, கொப்புளத்தின் மேலும் அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளியும் ஒற்றி வையுங்கள், தேய்க்காதீர்கள். டியூபின் வாயை நேரே புண்ணில் வைக்கக் கூடாது. முடித்ததும் மீண்டும் கை கழுவுங்கள். காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நேரத்தைக் குறித்துக்கொண்டால் ஐந்து முறை தவறாது; சாப்பிட்டு வாய் துடைத்த பிறகு தடவினால் களிம்பு வீணாகாது. வாய்க்குள்ளே தடவ வேண்டாம். நம் ஊர் வெயிலில் டியூபை வண்டிப் பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரே டியூபை இருவர் பயன்படுத்தவும் கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்காக

குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து பொருக்கு உதிரும்வரை இது தொற்றும். தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் இந்த நாட்களில் பெரிதும் கைகொடுக்கும். டம்ளர், துண்டு, உதட்டுச் சாயம், சவரக் கத்தி ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளத்தைத் தொட்ட விரலால் கண்ணைத் தொடாதீர்கள்.

பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சிறு தளர்வும் கூடாது. பிறந்த சில வாரங்களில் இந்த வைரஸ் தொற்றினால் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ராயபுரம் மகப்பேறு மருத்துவமனையிலிருந்து குழந்தை வீட்டுக்கு வந்த அன்று, உறவெல்லாம் கூடி முத்தம் கொடுக்கும் ஆசை இயல்பானது. உதட்டில் கொப்புளம் உள்ள பெரியம்மாவோ சித்தப்பாவோ பொருக்கு உதிரும்வரை தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று தாய் சொன்னால், அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய்க்கே உதட்டில் கொப்புளம் இருந்தால் முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தில் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அடுத்த முறைக்கு

எந்தெந்த நாளில் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மூன்று நான்கு முறை குறித்ததும் காரணம் தானாகத் தெரியும். வெயில்தான் காரணம் என்றால், படகிலோ சாலையிலோ இறங்குமுன் எஸ்பிஎஃப் 30 உள்ள பாமை உதட்டில் பூசி, வேர்வையில் கரைந்ததும் மறுபடி பூசுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அந்தக் குறிப்பையும், இதுவரை தடவிய எல்லா டியூபுகளையும், காலியானதைக்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளையா ஒரு ஆயின்மெண்ட்" என்று சொல்வதிலிருந்து மருத்துவரால் எதையும் அறிய முடியாது. டியூபின் மேலுள்ள பெயரைப் பார்த்தால்தான் அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்பது அவருக்குத் தெரியும்.